நடை சாத்தும் நேரம்

ஓசூர் மலைமீது எழுந்தருளியிருக்கும் அருள்மிகு மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேசுவரரை வழிபட வரும் அன்பர்களுக்கு 'எல்லை' என்னும் சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பெங்களூருச் சாலையில் ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கிவிடுகிறது. அவ்வெல்லையைக் காலையில் கடந்து பணிக்குச் செல்வோரும் மாலையில் கடந்து வீடு திரும்புவோரும் நம்மிடையே மிகப் பலர். எல்லை இருக்கிறது என்பதனால் இருபுறத்தாரும் உறவு அற்றுப் போய்விடவில்லை. பெண் கொடுக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள்; இறைவன் சந்நிதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருசேர ஒலிக்கின்றன.

எல்லைக்குத் தமிழில் வரம்பு என்றும் பெயருண்டு. உழவர் வழக்கில் அதுவே வரப்பு ஆயிற்று. வரப்பின் தொழில் இரண்டு. வயலில் பாய்ந்த நீரை வழிந்தோடாமல் நிறுத்துவது ஒன்று. பக்கத்து வயலுக்குச் செல்வோர் நடக்க வழியாவது மற்றொன்று. வரப்பில்லாத வயலில் நீரும் நில்லாது, நடப்பவரும் பயிரை மிதித்தே செல்ல நேரிடும்.

நிலத்துக்கு வரம்பு வகுக்கத் தெரிந்த நாம், நம் உடம்புக்கும் உழைப்புக்கும் நேரத்துக்கும் வரம்பு வகுக்க அஞ்சுகிறோம். பிறர் கேட்டதற்கெல்லாம் இசைவதே நற்குணம் என்றும், 'இயலாது' என்று சொல்வது தன்னலம் என்றும், அவ்வாறு சொல்வோரைத் தெய்வம் பொறுக்காது என்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் நம் நூல்களுக்கும் கோயில் வழக்குக்கும் பொருந்துமா என ஆராய்வது ஈண்டு நோக்கம்.

கோயில் வழக்கு

கோயிலிலிருந்தே தொடங்குவோம். சிவாலயங்களில் விடியற்காலைத் திருவனந்தல் முதல் இரவு அர்த்தசாமம் ஈறாகக் காலப் பூசைகள் வகுக்கப்பட்டுள்ளன. உச்சிக்காலப் பூசை நிறைவுற்றதும் நடை சாத்துவர். மாலையில் சாயரட்சைக்கு முன் திறப்பர். இரவில் இறைவன் திருவடிநிலைகளைச் சிவிகையில் ஏற்றிப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதித்து, ஊஞ்சல் பாடி, திருக்கதவம் அடைப்பர். அதன்பின் வருபவர் எத்துணை மெய்யன்பராயினும் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதே.

இறைவனுக்கு உறக்கம் உண்டோ என்று வினவினால், இல்லை என்பதே சாத்திர விடை. இமைப்பொழுதும் ஓயாது உலகை இயக்குபவனுக்கு ஓய்வு எதற்கு? எனினும் பள்ளியறைப் பூசையை நம் முன்னோர் வீண் என்று விடவில்லை. நாள்தோறும் செய்யும் ஆறு காலப் பூசையுள் கதவடைத்தலையும் ஒரு பூசையாகவே வைத்தனர். வழிபாட்டின் இடையே ஏற்பட்ட தடையாக அதனை எவரும் கொள்வதில்லை. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு. (முக்கியப் பிரமுகர் வந்திருக்கிறார் என்று சாத்திய நடையைத் திறக்கும் புது வழக்கம் எங்கேனும் காணப்பட்டால், அதற்கு இக்கட்டுரை பொறுப்பன்று.)

கற்றிருமேனிக்கும் காலம் வகுத்துப் பேணுதல் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்குச் செய்வது மரபு. திருப்பணிக் காலத்தில் இறையாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து பாலாலயத்தில் வைப்பர். மூலவரின் பீடத்தைப் பிணித்திருக்கும் பழைய சாந்தினை நீக்கிப் புதியது இடுவர். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டினையும் இடித்துக் குழைத்துச் செய்யும் அச்சாந்துக்கு அட்டபந்தன மருந்து என்று பெயர். 'மருந்து சாத்துதல்' என்பதே சிற்பிகளும் சிவாசாரியர்களும் வழங்கும் தொடர். ஆண்டுக்கணக்கில் நீராட்டும் பாலாட்டும் கண்ட கல்லும் பிணிப்பு நெகிழும். அதற்கும் மருந்து வேண்டும். மருந்து இடும்போது மூலத்தானத்தில் வழிபாடு நிறுத்தி வைக்கப்படும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் மருத்துவரைப் பாராமல் குடும்பத்துக்கு உழைத்தேன் என்று பெருமை கொள்வோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

நம் தொழிற்பேட்டைகளில் பணியாற்ற ஒடிசாவிலிருந்து வந்துள்ள இளைஞர்களைக் கேட்டால் மற்றொன்றும் கூறுவர். பூரியில் தேர்த்திருவிழாவுக்கு முன் நூற்றெட்டுக் குட நீரால் நீராட்டுக் கொள்ளும் ஜகந்நாதப் பெருமாளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதாகக் கருதி, அடுத்த பதினைந்து நாள்கள் பொதுமக்களுக்குக் காட்சி தாராது வைத்து, மூலிகை மருந்தும் இலேசான உணவும் படைப்பர். அதன்பின் புதுப்பொலிவுடன் காட்சி தந்து தேரேறுகிறார். உலகையாளும் பெருமானுக்கும் நோய்க்கு விடுப்பு உண்டு என்பது அந்நாட்டு மக்களின் அன்பு காட்டும் வழி.

ஓர் அம்மையாரின் வினா

கோயில் மண்டபம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் சொற்பொழிவு முடிந்து எழுந்தபோது, நடுத்தர அகவையுடைய அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிஃப்ட் பணி. ஆறு மணிக்கு வாயிலில் நிற்கவேண்டும் என்றால் மூன்றரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் எடுத்துவைத்து, கம்பெனிப் பேருந்துக்கு ஓடவேண்டும். பிற்பகல் திரும்பினால் மறுபடியும் அடுப்பு. வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அந்நாளில் கணவர் வழி உறவினர் சொல்லாமல் வந்துவிடுவர். தலைச்சுற்றல் அடிக்கடி வருகிறது. பார்க்கப் போக நாளில்லை.

"ஐயா, விருந்தோம்பல் பற்றிப் பேசினீர்கள். இந்த வாரம் வரவேண்டாம் என்று நான் சொன்னால் அது பாவமா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்தில் அவர் மாமியார் அமர்ந்திருந்தார்.

"பாவம் இல்லை அம்மா" என்றேன். அவர் அதனை நம்பியதாகத் தோன்றவில்லை. ஒரு சொல்லில் நம்பத்தக்க விடையும் அன்று அது. அன்று நேரமின்மையால் சுருக்கிக் கூறியதை இங்கே விரித்துரைக்கிறேன்.

விருந்தோம்பலை அதிகாரமாக வகுத்துப் பாடிய திருவள்ளுவரே, அதற்கு முன்னர் இல்வாழ்க்கை என்னும் ஐந்தாம் அதிகாரத்தில், இல்லறத்தானுக்குரிய தலையாய கடமைகளை ஐந்தாக எண்ணுகிறார். தென்புலத்தாராகிய முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என நான்கினை எண்ணியபின் ஐந்தாவதாக அவர் வைப்பது 'தான்' என்பதனை. தன்னைப் பேணிக்கொள்ளுதலும் மற்ற நான்கனோடு ஒத்த அறமாக எண்ணப்பட்டுள்ளது. இவ்விடத்தில் பரிமேலழகர் தரும் விளக்கம் பொன்னேபோல் போற்றத்தக்கது. எந்த அறத்தையும் தான் இருந்தே செய்ய வேண்டியிருத்தலின், தன்னைக் காத்தலும் அறமாயிற்று என்பது அவர் கருத்து. சுற்றத்தாருக்கு ஒரு பங்கு, விருந்துக்கு ஒரு பங்கு எனக் கணக்கிட்டு, ஐந்தாம் பங்கையும் அவர்களுக்கே கொடுத்துவிடும் இல்லாள் அறத்தில் மிகுந்தவள் அல்லள். ஓர் அறத்தை விட்டவள் ஆகிறாள். அவள் விட்டது அவள் குற்றமும் ஆகாது. விடச் செய்தோர் வீட்டில் உண்டு.

வாழ்க்கைத் துணைநலத்திலும் இல்லாளின் பண்புகளை வரிசைப்படுத்துமிடத்துத் தன்னைக் காத்தல் முதலிலும், கணவனைப் பேணுதல் அதன்பின்னும், புகழைக் காத்தல் மூன்றாவதாகவும் அமைந்துள்ளன. தன்னைக் காத்தல் என்பதற்குக் கற்பினின்றும் வழுவாமை என்று பரிமேலழகர் பொருள் உரைத்தார். அவ்வுரையை மறுப்பதற்கு யான் துணியேன். ஆயினும் அக்குறள் இறுதியில் சோர்வின்மையைக் கூறுகிறது. மூன்றரை மணிக்கு எழுந்து நள்ளிரவில் படுக்கும் பெண்ணிடம் சோர்வின்மையை எங்ஙனம் எதிர்பார்ப்பது? உடம்பையும் உட்படுத்திப் பொருள் கொண்டாலன்றி அக்குறள் இக்கால மகளிர்க்கு முழுப்பயன் தாராது என்பது என் துணிபு.

இன்னும் ஒன்று. பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்குக் கூறப்பட்டது. தன் வலியறியாது ஊக்கத்தால் மட்டும் தொடங்கி இடையில் முறிந்தவர் பலர் என்று அங்கே எச்சரிக்கை உண்டு. ஈகையைப் பற்றியும் அதே அதிகாரம் பேசுவது வியப்புக்குரியது. தன் இருப்பை ஆராயாமல் செய்யும் ஒப்புரவு, செல்வத்தின் அளவை விரைவில் கெடுக்கும் என்கிறது. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில், தன் கடமை சிதையாமல் இரக்கம் காட்டுவோர்க்கே இவ்வுலகம் உரிமையுடையது என்று வரம்பு கட்டுகிறார். இக்குறளில் அவர் போற்றுவது அளவறிந்த இரக்கத்தை.

மொழி பற்றி ஒரு சிறு குறிப்பும் இங்கே பொருந்தும். 'மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால் இன்று அது முரட்டுத்தனமாகக் கேட்கிறது. பழந்தமிழில் மாட்டுதல் என்பதற்கு வல்லனாதல் என்று பொருள். உரையாசிரியர்கள் 'செய்யமாட்டாதார்' என்று எழுதுமிடத்துச் செய்ய வல்லமை இல்லாதார் என்றே கொள்ளவேண்டும். எனவே மாட்டேன் என்பதன் முதற்பொருள், எனக்கு அவ்வளவு வலிமை இல்லை என்னும் பணிவு. காலப்போக்கில் பணிவு போய்ப் பிடிவாதம் ஏறிவிட்டது. சொல்பவர் எப்பொருளில் சொல்கிறார் என்று கேட்பவர் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும்.

திருநீலகண்டக் குயவனாரின் மனைவியார்

இனி அந்த அம்மையாருக்கு அன்று நான் கூறிய வரலாறு. சேக்கிழார் பெருமான் தில்லைவாழ் அந்தணரைத் தொகையாகப் போற்றியபின் தனியடியாருள் முதல்வராகப் பாடுவது திருநீலகண்ட நாயனாரை. தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து அளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். நஞ்சுண்ட கண்டத்தை நினைந்து திருநீலகண்டம் என்று ஓயாமல் உரைப்பவர். ஆயினும் இளமையில் இன்பத்துறையில் எளியர். ஒருநாள் பரத்தை ஒருத்தியின் இல்லம் சென்று வந்தார்.

மனைவியார் அதனை அறிந்தார். அழுது அரற்றவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை, ஊரைக் கூட்டவில்லை. இல்லத்துக்குரிய பணிகளை வழக்கம்போல் செய்துகொண்டு, உடனுறைதலுக்கு மட்டும் இசையாதிருந்தார். நாயனார் ஊடல் தீர்க்க நயந்து உரைத்து நெருங்கியபோது, எம்மைத் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். 'என்னை' என்னாது 'எம்மை' என்று பன்மையில் கூறிய அச்சொல்லை நாயனார் உற்றுக் கேட்டார். மனைவியை மட்டுமன்றிப் பெண்டிர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டு விலகினார்.

அன்று தொடங்கி அவ்விருவரும் அச்சிறு இல்லத்திலேயே வாழ்ந்தனர். அயலார் ஒருவரும் அறியாவண்ணம் வாழ்ந்தனர். இளமை கழிந்தது, மூப்பு வந்து தண்டூன்றி நடக்கலாயினர், ஆணை பிறழவில்லை. அப்போதுதான் இறைவன் சிவயோகியாராய் வந்து ஓடு ஒன்றைக் கொடுத்துப் பாதுகாத்துத் தருமாறு கூறிச் சென்றார். பின் அதனை மறைத்தார். திரும்பி வந்து கேட்டார். கிட்டாமையால் வேறு ஓடு தருவதாக நாயனார் வேண்டினார், யோகியார் ஏற்கவில்லை. கவரவில்லை என்றால் மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கி உறுதி கூறுக என்றார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவை வரை சென்றது. நாயனாரும் மனைவியாரும் மூங்கில் தண்டொன்றின் இருமுனைகளைப் பற்றிக் குளத்துக்கு வந்தனர். கையைப் பற்றுக என்று யோகியார் மீண்டும் வற்புறுத்தவே, பல்லாண்டு மறைத்து வைத்த செய்தியை நாயனார் ஊரறிய உரைத்து மூழ்கினார். இருவரும் இளமை பெற்று எழுந்தனர். சிதம்பரத்தில் அத்தலம் இன்று இளமையாக்கினார் கோயில் என்று வழங்குகிறது. நாயனாரின் குருபூசை தை விசாகத்தில் நிகழ்கிறது.

இவ்வரலாற்றைச் சொற்பொழிவில் கூறுவோர் நாயனாரின் உறுதியை வியந்து நிறுத்திவிடுவர். மனைவியாரின் செயலையும் நுணுகி நோக்குதல் தகும். அவருக்குச் சேக்கிழார் பெயர் தரவில்லை. ஆயினும் புராணம் முழுவதும் அவர் கூறிய ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. எதனை இசையார் என்பதைத் தெளிவாகக் கூறினார். மற்றவற்றை மறுக்கவில்லை. பலமுறை கூறவில்லை, ஒருமுறைதான்; கூறியதைத் தாம் முதலில் கடைப்பிடித்தார். சினம் இருந்தது, சேக்கிழார் அதனை மறைக்கவில்லை. ஆனால் அச்சினம் வசையாக வழியவில்லை.

கேட்டவர் கடமையும் அங்கே உண்டு. அந்நாளில் கணவன் உரிமை என்று சொல்லி ஆணையை மீற நாயனார்க்கு எவ்வளவோ இடமிருந்தது. அவர் மீறவில்லை, ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்கவும் இல்லை. இறைவன் வந்து சோதித்தபோதும், மனைவி வகுத்த வரம்பை மீறித் தம் பெயரைக் காத்துக்கொள்ள அவர் முற்படவில்லை. கள்வர் என்னும் பழி நேர்ந்தாலும் நேர்க என்று மூங்கில் தண்டைப் பற்றினார். அறுபத்துமூவரில் முதலாவதாகப் பாடப்படும் வரலாறு, ஒரு பெண் வகுத்த எல்லையை ஓர் ஆடவர் வாழ்நாளெல்லாம் மதித்த வரலாறு. மருமகளின் ஓய்வு நேரத்தை மதிக்காத இல்லங்களில் இப்புராணத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.

கற்றவர் ஒருவர் இங்கே தடை எழுப்பக்கூடும். இளையான்குடி மாறனார் நள்ளிரவில் வந்த அடியவர்க்கு விதைநெல்லை வாரிவந்து அமுது படைத்தாரே, அவர் அளவு பார்த்தாரா என்று கேட்கலாம். பார்க்கவில்லை, மெய். ஆயினும் அவரையோ அவர் மனைவியாரையோ வற்புறுத்தியோர் எவருமில்லை. விதைநெல்லை எடுக்கலாம் என்று வழி கூறியவரே அம்மனைவியார்தாம். தானே உவந்து கொடுத்தல் வேறு. ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சிக் கொடுத்தல் வேறு. பின்னதற்கு ஈகை என்று பெயரில்லை. மேலும் அந்த இரவு முடிவதற்குள் இறைவன் சோதியாய்த் தோன்றிச் சோதனையை நிறுத்திவிட்டான். நம் வீடுகளில் விதைநெல் வாரச் சொல்வோர் அடுத்த வாரமும் வருகின்றனர்.

உழைப்பின் வரம்பு

சிப்காட் நிறுவனம் 1971-இல் அமைந்தபின் ஓசூர் வேளாண் ஊர் என்னும் நிலையினின்று தொழில் நகராயிற்று. 1980-இல் டி.வி.எஸ். 50 வண்டி இங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடியது. ரோசாத் தோட்டங்களும் கேழ்வரகுக் கொல்லைகளும் இருந்த ஊர் மூன்று ஷிஃப்டுகளில் விழித்திருக்கப் பழகியது. விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் இன்று மிகப் பலர். ஊரிலிருந்து தொலைபேசி வராத நாளில்லை. அண்ணன் கடனுக்கு, தங்கை கலியாணத்துக்கு, கோயில் கொடைக்கு என்று சம்பளம் வருவதற்கு முன்பே பங்கு பிரிந்துவிடும். கூடுதல் பணம் வேண்டி ஓவர்டைம் பார்த்து, உறக்கத்தை விற்று அனுப்புகின்றனர். உறக்கம் ஒன்றுதான் கடையில் திருப்பி வாங்க இயலாத பொருள்.

உழைப்புக்கு வரம்பு வேண்டும் என்பதனை உலகம் எளிதில் ஒப்பவில்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடியபோது எட்டு மணி நேர வேலை என்பது நம் நாட்டில் வெறும் கோரிக்கையாகவே இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும், வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் அரைமணி ஓய்வு என்றும், மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றும் வரையறுத்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு நீங்கவில்லை. கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021-இல் திருத்தம் செய்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது. தொழிற்சாலைக்குச் சட்டம் வகுத்த வரம்பை வீட்டில் வகுப்பார் யார்? அடுக்களைக்கு ஆய்வாளர் வருவதில்லை.

கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் இறுதியில் மதகுக் கதவு ஒன்று உடைந்தது. பாசனத்துக்கெனத் தேக்கிய நீர் வேண்டாத காலத்தில் ஆற்றோடு போயிற்று. மதகு இருப்பது நீரைக் கொடுக்கத்தான். கதவு இருந்தால்தான் உரிய வயலுக்கு உரிய நாளில் கொடுக்க இயலும். அவ்வாண்டின் நிகழ்வைக் கண்ட உழவர் எவரும் அணையின் கதவைத் தன்னலம் என்று சொல்லமாட்டார்.

இனி நடைமுறை. கோயிலில் நடை சாத்தும் நேரத்தை வந்தவர் முகத்துக்கு நேரே அறிவிப்பதில்லை. பலகையில் முன்னரே எழுதியிருக்கிறது. அனைவர்க்கும் ஒன்றாக எழுதியிருக்கிறது. மீண்டும் திறக்கும் நேரமும் அதன்கீழ் இருக்கிறது. ஏன் சாத்துகிறோம் என்று காரண விளக்கம் கிடையாது. இம்முறையை வீட்டிலும் பின்பற்றலாம். உறவினர் வாயிற்படி ஏறியபின் முகம் சுளிப்பதினும், "மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் வாருங்கள் அத்தை, மற்ற ஞாயிறுகளில் நான் ஓய்வெடுக்க வேண்டும்" என்று முன்கூட்டியே கூறிவிடுவது மேல். முதன்முறை மனத்தாங்கல் வரத்தான் செய்யும். இரண்டாம் மாதம் நாள் பார்த்து வருவார்கள். கணவர் வழி உறவினர்க்குக் கணவரே கூறுவது முறை; மனைவியைச் சொல்லச் செய்து தாம் செய்தித்தாளுக்குப் பின் ஒளிவது ஆண்மை அன்று.

இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் திரும்புபவர்க்குப் பகலே பள்ளியறைக் காலம். அந்நேரத்தில் அழைப்பு மணியை அழுத்துவோர் அர்த்தசாமத்துக்குப் பின் கோயில் கதவைத் தட்டுவோரை ஒப்பர். அறையை இருட்டாக்கி, கைப்பேசியை ஒலியடக்கி, கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிடுதல் தவறில்லை. பணம் கேட்போர்க்கு இவ்வளவுதான் மாதந்தோறும் அனுப்ப இயலும் என்று ஒரு தொகையைக் குறித்துச் சொல்லிவிடலாம். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடச் சொன்னால் ஓரிரவு பொறுத்து விடை கூறலாம். இவற்றுள் எதுவும் உறவை முறிப்பதில்லை. முறிக்கும் உறவாயின் அது கையெழுத்தின்மேல் நின்ற உறவு.

உடல்நலத்துக்கு நாள் ஒதுக்குதல் மேற்கூறிய அனைத்தினும் முற்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்தை இல்லந்தேடிக் கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மருந்து வாயிலுக்கு வந்தாலும், இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டி ஐந்து நிமிடம் உட்காரும் வேலை நம்முடையது. அடுப்பில் பால் இருக்கிறது என்று அந்த ஐந்து நிமிடத்தையும் மறுத்துவிடும் தாய்மார்களை அறிவேன். மனம் ஓயாது வருந்தும்போது பேசுவதற்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416. வகுத்த எல்லையைக் கைநீட்டி அடித்து மீறுவோரிடம் பொறுமை காட்டுமாறு எந்தப் புராணமும் பணிக்கவில்லை. பெண்களுக்கான உதவி எண் 181.

கேள்வி கேட்ட அம்மையார் எழுந்து செல்லும்போது, அதுவரை பேசாதிருந்த அவர் மாமியார் என்னைப் பார்த்து, "அந்தக் குயவர் பெண்டாட்டிக்கு மாமியார் உண்டா ஐயா?" என்று வினவினார். சேக்கிழார் அதனைக் கூறவில்லை என்றேன். அம்மூதாட்டி சிறிது நேரம் பிராகாரத்தை நோக்கியிருந்துவிட்டு, "இருந்திருந்தால் அவளும் அந்தச் சின்ன வீட்டில்தானே இருந்திருப்பாள், அவளுக்குத் தெரிந்திருக்கும்" என்றார். புராணத்துக்கு அவ்வளவு நுட்பமான உரையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

அன்பர்களின் கவனத்துக்கு ஒன்று. நடை சாத்தியபின் வந்து சேர்ந்தவர்கள் வருந்திக் கதவைத் தட்டவேண்டா. கோபுரத்தை வணங்கினால் தூலலிங்கத்தை வணங்கியதாகும் என்பது மரபு. மலைப்படியிலோ மண்டபத்திலோ அமர்ந்து, கொண்டுவந்த உணவை உண்டு, கண்ணயர்ந்து ஓய்வெடுத்திருங்கள். சாயரட்சைக்கு மணி அடிக்கும்போது எழுந்து கால்கழுவி வந்தால் போதும்.

திருச்சிற்றம்பலம்